அத்தையிடமிருந்து கிளம்பிய முந்நூற்றுப் பன்னிரண்டு கோடுகள்

நாலு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர் என்பதால் அவர் சின்னவர். ஐம்பத்தொன்பது வயதாகி, முன்மண்டை பளபளத்து, மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுகிற காலம் வந்த பிறகும் சொந்தக்காரர்களுக்கு அவர் சின்னவர்தான்.

வேலை அரசாங்க வேலை. என்ன வேலை என்று யார் கேட்டாலும் "தொழில்நுட்பம்" என்பார். அதற்கு மேல் கேட்டால் "ஆவணம்" என்பார். அதற்கும் மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார். நாட்டில் யார் யாரோடு போனில் பேசுகிறார்கள், எத்தனை தடவை பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று அறிந்து வைத்துக்கொள்கிற இயக்ககம் அது. அதைப்பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்பது சட்டம். ஆகவே வாசலில் "அளவுக் கருவிகள் பராமரிப்பு மையம்" என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். பலகையை நம்பி மளிகைக் கடைக்காரர்கள் பழுதான தராசுகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். முதலில் காவலாளி விரட்டிப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் தராசு வாங்கி வைக்க ஒரு குமாஸ்தாவைப் போட்டார்கள். அந்தக் கட்டடத்தில் மக்களுக்கு உருப்படியாக நடந்த ஒரே வேலை அதுதான் என்று பேச்சு.

பெயர்ப்பலகையால் பேருந்து நடத்துநரை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. அந்த நிறுத்தம் வந்ததும், "ஒட்டுக்கேக்குற ஆபீஸ் எல்லாம் இறங்கு!" என்று கத்துவார். ஊழியர்கள் யாரும் இறங்க மாட்டார்கள். ரகசியம் காக்க வேண்டாமா? அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவார்கள். முப்பது பேர் கையில் சாப்பாட்டுப் பையோடு, ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி வரிசையாக நடந்து வருவதைத் தினமும் பார்க்கிற டீக்கடைக்காரர், "இன்னிக்கு ரெண்டு பேர் லீவு போல" என்பார். நாட்டின் ரகசியம் அவ்வளவு பத்திரமாக இருந்தது.

சின்னவருடைய வேலை மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில். ஒவ்வொரு போனுக்கும் ஒரு புள்ளி. ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டால் இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஒரு கோடு. அடிக்கடி கூப்பிட்டால் கோடு தடிக்கும். அவர் சேர்ந்த காலத்தில் பெரிய தாளை மேஜையில் விரித்து, பென்சிலும் அடிமட்டமும் வைத்து வரைந்தார்கள். அப்புறம் கணினி வந்தது. எப்படி வரைந்தாலும் வரைந்ததைப் படிக்க ஆள் வேண்டுமே. அதில் சின்னவரை மிஞ்ச ஆள் கிடையாது. படித்து வந்த வித்தை இல்லை. அப்பா கூடப்பிறந்தவர் ஏழு பேர், அம்மா கூடப்பிறந்தவர் ஐந்து பேர், இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்தொரு பிள்ளைகள் என்று வளர்ந்த மனிதருக்கு, யார் யாரிடம் பேசுவார்கள், யார் யாரிடம் முகம் கொடுக்க மாட்டார்கள் என்பது தாய்ப்பாலோடு வந்தது.

ஒருமுறை ஆயுதக் கடத்தல் கும்பல் என்று அறுபது புள்ளிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். சின்னவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சார், இது கல்யாண வீடு."

"எப்படிய்யா சொல்றீங்க?"

"மூணு வாரமா ரெண்டு பக்கமும் ஓயாத பேச்சு. பதினாலாம் தேதி பேச்சே இல்ல, எல்லாரும் நேர்ல இருக்காங்க. பதினாறாம் தேதியிலேர்ந்து இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்துக்குக் கூப்பிடவே இல்ல. பந்தியில ஏதோ மனஸ்தாபம்."

விசாரித்தால் அப்படியே இருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு உட்கார இடம் தரவில்லையாம். இப்படி முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ மாமியார்களையும் சம்பந்திகளையும் சின்னவர் சத்தமில்லாமல் காப்பாற்றி விட்டிருக்கிறார். அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் குறைதான் சொல்லியிருப்பார்கள்.

பிறகு புதிய இயக்குநர் வந்தார். கூடவே வெளிநாட்டு இயந்திரம் ஒன்றையும் கொண்டுவந்தார். அது தானே புள்ளி வைத்து, தானே கோடு போட்டு, இவர்தான் தலைவர் என்று தானே சொல்லிவிடும். "இனிமே மனுஷன் மூளைய நம்ப வேண்டியதில்ல" என்றார் இயக்குநர். அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அது நல்ல முடிவு என்று ஒத்துக்கொண்டார்கள்.

சின்னவர் ஓய்வு பெறப் பதினொரு மாதம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை எல்லாரையும் கூட்ட அறைக்கு அழைத்தார்கள். சுவர் முழுக்க ஒரு படம். நடுவில் ஒரே ஒரு புள்ளி. அதிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு கோடுகள், சூரியன் உதித்த மாதிரி.

"இதுக்கு மையம் ஏழுன்னு பேர்" என்றார் இயக்குநர். குரலில் பிள்ளை பெற்ற பூரிப்பு. "தினமும் காலைல பத்து மணிக்கு ஆரம்பம். ஒரு நாளைக்கு நூத்தி நாலு பேர். மூணு நாள்ல ஒரு சுத்து. ஒவ்வொருத்தர்கிட்டயும் நாப்பது செகண்டு. வரிசை மாறவே மாறாது. ராணுவத்துல கூட இந்த ஒழுங்கு இல்ல. ஒரு வருஷத்துல மூணு சிம் மாத்தியாச்சு, மூணும் வேற வேற பசங்க பேர்ல. யாரும் திருப்பிக் கூப்பிடறதே இல்ல. உத்தரவு மேலேர்ந்து கீழ மட்டும்தான் போகுது."

"என்ன பேசறாங்க சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

பதிவைப் போட்டுக் காட்டினார்கள். "சாப்பாடு ஆச்சா? முட்டி எப்படி இருக்கு? பையன் வந்தானா? எனக்குக் காதுல ஏதோ சத்தம் கேக்குது. சரி, வைக்கிறேன்."

"இவ்வளவு அப்பாவியா யாராச்சும் பேசுவாங்களா?" என்றார் இயக்குநர். "வீடு பஸ் டிப்போவுக்குப் பின்னால. பாக்கறதுக்கு ஒரு வயசானம்மா இருக்கிற சாதாரண வீடு மாதிரி இருக்கு. சந்தேகமே அங்கதான்."

குரல் வருவதற்கு முன்பே சின்னவருக்குத் தெரிந்துவிட்டது. தூரத்தில் வருகிறவரை நடையை வைத்தே கண்டுபிடிப்பதில்லையா, அந்த மாதிரி. முதல் கோடு பெரிய அண்ணன் வீட்டுக்கு, இரண்டாவது நடு அண்ணன் வீட்டுக்கு, மூன்றாவது அக்காள் வீட்டுக்கு, அப்புறம் மாத்திரை போட ஏழு நிமிடம் இடைவெளி. வயது வரிசை பிசகாமல் இப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒரு ஜீவன்தான் உண்டு. அவருடைய அப்பாவின் கடைசித் தங்கை. எழுபத்தெட்டு வயது. அவருக்கு அத்தை. யாரும் திருப்பிக் கூப்பிடாததற்குக் காரணம், அதற்கு அவகாசம் தராமல் அத்தையே கூப்பிட்டுவிடுவார் என்பதுதான்.

"வெள்ளிக்கிழமை காலைல சோதனை" என்றார் இயக்குநர். "கதவத் தட்டிக் கேக்கறது எல்லாம் வேண்டாம். நேரா உள்ள போறோம். மையம் ஏழை அள்ளிட்டு வர்றோம். துணைத் தலைமைன்னு இன்னொரு புள்ளி இருக்கு பாருங்க, அதோட மட்டும் இருபது நிமிஷம் பேச்சு. அதையும் விடறதில்ல."

எல்லாரும் கை தட்டினார்கள். சின்னவரும் தட்டினார். தட்டாமல் இருந்தால் ஏன் தட்டவில்லை என்று கேட்பார்களே.

"சார், அது எங்க அத்தை" என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவிடாமல் தடுத்தது ஒரு படிவம். வேலைக்குச் சேர்ந்த அன்று நெருங்கிய உறவினர் யார் யார் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். படிவத்தில் ஆறே ஆறு வரி. அம்மா, அப்பா, இரண்டு அண்ணன், ஒரு அக்காள். ஐந்து போயிற்று. மிச்சம் ஒரு வரி, ஆள் ஐம்பதுக்கு மேல். "வேற தாள் குடுங்க" என்று கேட்டதற்கு, "ஊர்க் கணக்கெடுப்பா நடக்குது? யாராவது ஒருத்தர எழுதிட்டுக் கையெழுத்துப் போடு, எனக்கு சாப்பாட்டு நேரம்" என்றார் குமாஸ்தா. யாரை எழுதினாலும் மற்றவர்களுக்குப் பொல்லாப்பு. சரி, பெரிய அண்ணனின் மாமனார் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவர், பார்க்க மரியாதையாக இருக்கும் என்று அவரை எழுதினார். கீழே, "இவர்களைத் தவிர எனக்கு வேறு நெருங்கிய உறவினர் இல்லை, இருப்பதாகத் தெரிந்தால் பணிநீக்கத்துக்குச் சம்மதிக்கிறேன்" என்று அச்சிட்டிருந்தது. கையெழுத்துப் போட்டார்.

வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமை அத்தை வீட்டுக் கதவு போகும். அம்மா படுக்கையில் விழுந்த நாலு வருடமும் இவருக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர் அந்த அத்தை.

அன்று சாயங்காலம் நேராக அத்தை வீட்டுக்குப் போனார்.

"வாடா சின்னவனே. என்ன, வீடு தெரிஞ்சுதா? நாளைக்கு உன் வீட்டு முறையாச்சே, நாளைக்குக் கூப்பிட்டிருப்பேன்ல? அவளுக்கும் உனக்கும் ஏதாவது சண்டையா?"

"அதெல்லாம் இல்ல அத்தை. காதுல ஏதோ சத்தம் கேக்குதுன்னு சொன்னீங்களே..."

"உங்கிட்ட எப்படா சொன்னேன்? பெரியவன் பொண்டாட்டிகிட்டல்ல சொன்னேன்."

காலையில் ஓட்டிக் காட்டிய பதிவில் கேட்டது அது. "அண்ணிதான் சொன்னாங்க" என்று சமாளித்தார். "பெரிய டாக்டர் ஒருத்தர விசாரிச்சேன். போனாலதான் வருதாம். ஒரு நாலு நாளைக்குத் தொடாம இருங்க. அலமாரியில வெச்சுப் பூட்டிடுங்க."

"யாரு, எந்த டாக்டர்?"

"பெரிய டாக்டர் அத்தை."

"பெரிய டாக்டர்னா எவ்ளோ பெரியவரு? யாரு பையன்?"

ஒருவழியாகச் சம்மதிக்க வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டார். இயந்திரம் எப்படி மதிப்பெண் போடும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு நாள் கோடு விழாவிட்டால் மதிப்பெண் இறங்கும், கோப்பு அடியில் போகும், வெள்ளிக்கிழமைக்குள் இயக்குநருக்கு வேறு விரோதி கிடைத்துவிடுவார். இதுதான் கணக்கு. ஊரார் குடும்பத்தை எல்லாம் கோட்டைப் பார்த்துப் படித்த மனிதருக்குத் தன் குடும்பத்தைப் படிக்கத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய அண்ணன் வீட்டில் போன் அடிக்கவில்லை. பத்தேகாலுக்கு அண்ணி அத்தையைக் கூப்பிட்டார். பூட்டின அலமாரிக்குள் போன் அடித்து ஓய்ந்தது. அண்ணி நடு அண்ணனைக் கூப்பிட்டார். நடு அண்ணன் அக்காளை. அக்காள் தன் மூன்று நாத்தனார்களை. பதினொரு மணிக்குள் நூறு பேர் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுவிட்டார்கள். சாயங்காலம் அது அத்தைக்கு மயக்கம் என்று இருந்தது. புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரி என்று ஆயிற்று. எந்த ஆஸ்பத்திரி என்பதில் இரண்டு கட்சி ஏற்பட்டது. பத்து வருடமாகப் பேசாமல் இருந்த சம்பந்திகள் கூடப் பேசிக்கொண்டார்கள். இருபத்து மூன்று பேர் கிடைத்த பேருந்தைப் பிடித்து பஸ் டிப்போவுக்குப் பின்னால் வந்து இறங்கினார்கள்.

அத்தைக்கு ஒரே சந்தோஷம். "என்னடி இது, எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே நாள்ல வந்திருக்கீங்க? உக்காருங்க, உக்காருங்க."

மூன்றாம் மாடியில் இயந்திரம் அலறியது. சுவர்ப் படத்தில் கோடுகள் சிலந்தி வலை மாதிரி பின்னிக் கிடந்தன. இயக்குநர் சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றிவிட்டுக்கொண்டு நின்றார்.

"தலைமை மவுனம். கீழ இருக்கிறவங்க எல்லாம் உஷார். இருபத்து மூணு பேர் மையத்துல கூடியாச்சு. இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? இன்னிக்கே ஏதோ செய்யப் போறாங்க. வெள்ளி வரைக்கும் காத்திருக்க முடியாது. வண்டிய எடுங்க. துப்பாக்கியோட போங்க."

துப்பாக்கி என்ற சொல் காதில் விழுந்ததும் சின்னவரின் கால் தானாக எழுந்து நின்றது. வாய் அப்புறம்தான் திறந்தது.

"சார். அது எங்க அத்தை."



"எது?"

"மையம் ஏழு. எங்க அப்பாவோட தங்கச்சி. போனப் பூட்டி வைக்கச் சொன்னது நான்தான். இப்ப கூடியிருக்கிறது எங்க ஆளுங்க. உடம்பு எப்படி இருக்குன்னு பாக்க வந்திருக்காங்க."

இயக்குநர் அவருடைய பழைய கோப்பை வரவழைத்துப் பார்த்தார். "உங்க படிவத்துல ஆறு பேர்தான் இருக்காங்க. அத்தைன்னு யாரும் இல்லியே. அப்ப பொய்க் கையெழுத்து?"

"ஆமா சார். தாள் குடுங்க, இப்ப எழுதிடறேன்."

"எல்லாரையுமா?"

"கேட்டது நெருங்கிய உறவுதானே சார். எல்லாரும் நெருக்கம்தான்."

இனிப் போவதற்கு ஒன்றுமில்லை என்றானதும் சின்னவருக்கு ஒரு தெம்பு வந்தது. சுவர்ப் பக்கம் போய், குச்சியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுச் சொன்னார். இது அத்தையின் மூத்த மகன். இது அவன் பெண்டாட்டி, தனி போன். இது அவளுடைய சித்தி, காது மந்தம், அதனால்தான் இங்கே மட்டும் ஐம்பது செகண்டு. இது செத்துப்போன சித்தப்பாவின் நம்பர், இப்போது பேரன் வைத்திருக்கிறான், அத்தை அந்த நம்பரை விட மனசில்லாமல் கூப்பிடுகிறார். தட்டச்சர் தட்டிக்கொண்டே போனார். மதியச் சாப்பாடு போயிற்று. பதினேழு தாள் நிரம்பியது. துப்பாக்கிக்காரர்கள் கீழே வண்டிக்குள் தூங்கிவிட்டார்கள்.

கடைசியில் மிச்சம் ஒரு புள்ளி. சின்னவர் குச்சியை இறக்கிவிட்டுத் தயங்கினார்.

"என்னய்யா, துணைத் தலைமை மட்டும் யாருன்னு தெரியலியா?" என்றார் இயக்குநர். "எனக்கு அதுதான் முக்கியம்."

"தெரியும் சார். எங்க அத்தையோட ரெண்டாவது மருமகளுக்குக் கூடப்பிறந்த அக்கா ஒருத்தங்க. அவங்க வாக்கப்பட்ட வீட்டுல, நாத்தனார்."

"அந்த நாத்தனார் யாரு?"

"உங்க வீட்டம்மா சார்."

இயக்குநருக்கு மனைவியின் நம்பர் மனப்பாடம் இல்லை. யாருக்குத்தான் இருக்கிறது? அவருடைய போன் விதிப்படி வாசலில் மரப்பெட்டிக்குள் கிடந்தது. இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஏறி வரும்போது முகம் வேறு மாதிரி இருந்தது. இருபது நிமிடம் என்ன பேச்சு என்று பதிவைப் போட்டுக் கேட்டார். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்டார். என்ன கேட்டார் என்பது நாட்டின் மிகப் பெரிய ரகசியங்களில் ஒன்று. ஆனால் மறுநாளிலிருந்து அவர் வீட்டில் தன் மாமியாரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாராம்.

மாலையில் அறிக்கை தயாரானது. ஒரு பெரிய சதிவலை உரிய நேரத்தில் கண்டறியப்பட்டுச் செயலிழக்கச் செய்யப்பட்டது என்று எழுதினார்கள். இயக்குநருக்குப் பதக்கம் கிடைத்தது. சின்னவரைப் பணிநீக்கம் செய்தால் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் துணைத் தலைமையைப் பற்றியும் எழுத வேண்டும். ஆகவே அவர் விருப்ப ஓய்வு கேட்டதாக முடிவானது. அவருடைய விருப்பத்தை அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அவர் கையெழுத்து மட்டும் போட்டார்.

கோப்பை மூட வேண்டுமல்லவா, அதற்கு மறுநாள் இரண்டு அதிகாரிகள் அத்தை வீட்டுக்குச் சென்றார்கள். அரை மணி நேர வேலை. திரும்பி வர நாலு மணி நேரம் ஆயிற்று. ஒருவருக்குத் தங்கைக்கு வரன் சொல்லியிருந்தார் அத்தை. இன்னொருவர் ஏதோ ஒரு வழியில் மருமகன் முறை ஆகிவிட்டார். பேச்சுவாக்கில், அவர்கள் சின்னவரின் பழைய படிவத்தை அத்தையிடம் காட்டிவிட்டார்கள்.

அதோடு தீர்ந்தது. மறுபடியும் பத்து மணிக்குப் போன் சுற்று ஆரம்பித்தது. சின்னவர் வீட்டை மட்டும் அது தாண்டிப் போயிற்று.

"அக்காவுக்கு வந்துச்சாம், அண்ணனுக்கு வந்துச்சாம்" என்றாள் சின்னவரின் மனைவி. "நமக்கு மட்டும் ஏங்க வரல? என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

பதினைந்து நாள் பொறுத்தார். காலையில் எழுந்தால் போக ஆபீஸ் இல்லை. பத்து மணிக்குப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் போனையே பார்த்தவருக்குத் தன் போன் அடிக்காதது புதிதாக இருந்தது. பதினாறாம் நாள் அத்தை வீட்டு வாசலில் போய் நின்றார்.

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. "யாரு? சம்பந்தம் இல்லாத ஆளுங்க எல்லாம் எதுக்கு வர்றாங்க?"

"அத்தை, அது வெறும் ஆறு வரி..."

"ஆறு வரியில உன் அண்ணனோட மாமனாருக்கு இடம் இருந்துச்சு. அந்த ஆள், எனக்குப் போனாப் போகுதுன்னு வணக்கம் போட்ட ஆள். அவன் உனக்கு நெருங்கின சொந்தம். நான் யாருடா? உனக்குப் பேன் பாத்தவ. வேற யாரும் இல்லைன்னு கையெழுத்து வேற போட்டிருக்க."

"துப்பாக்கியோட வந்திருப்பாங்க அத்தை. எழுந்து நின்னு நான்தான் சொன்னேன். வேலையே போச்சு."

"வேலை போனா என்ன, எப்படியும் போற வேலைதானே. வந்தா வரட்டுமே, உக்கார வெச்சுப் பேசியிருப்பேன். நான் கேக்கறது அது இல்ல. என்னை எழுதினியா, இல்லியா?"

"அப்புறம் பதினேழு தாள் எழுதினேன். உங்க பேர்தான் முதல்ல."

"எங்க, காட்டு."

"காட்ட முடியாது அத்தை. முத்திரை போட்டு இரும்புப் பெட்டியில வெச்சுட்டாங்க. எனக்கே பாக்க அனுமதி இல்ல."

"அப்ப உக்காந்து மறுபடி எழுது."

ஒரு பழைய நோட்டும் பேனாவும் வந்து விழுந்தன. சின்னவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினார். வயது வரிசை, முறை பிசகாமல். மூன்று மணி நேரம். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். மூன்று இடத்தில் திருத்தம் சொன்னார். கடைசிப் பக்கம் முடிந்ததும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"இதுலயும் ஒரு ஆள விட்டுட்டியே."

"இல்லவே இல்ல அத்தை. முந்நூத்திப் பன்னெண்டு பேரும் இருக்காங்க. இயந்திரமே அத்தனைதான் சொல்லிச்சு."

"உன் மாமா எங்கடா?"

சின்னவர் நிமிர்ந்து பார்த்தார். அத்தையின் பக்கத்து நாற்காலியில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வருடமாக அதே வீட்டில் அத்தையோடு குடும்பம் நடத்துகிறவர். அவரிடம் போன் கிடையாது. அவரை யாரும் கூப்பிட்டதில்லை, அவரும் யாரையும் கூப்பிட்டதில்லை. ஆகவே இயக்ககத்தின் கண்ணுக்கு அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை. சின்னவருக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டிருந்தது.

"ஐயோ மாமா, தப்பா நினைக்காதீங்க. இதோ எழுதிடறேன்."

மாமா பேப்பரைத் தாழ்த்தினார். அந்த வீட்டில் அவர் வாய் திறப்பது அபூர்வம்.

"வேணாம்ப்பா" என்றார். "எழுதாம விட்டவரைக்கும் நான் நல்லாத்தான் இருக்கேன். அப்படியே விட்டுடு."

பேப்பர் மறுபடியும் மேலே போயிற்று.